தொடக்கக் கணக்கு வகுப்பைப் பற்றி எழுத விரும்பும் ஆசிரியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு நடத்தும் ஆசிரியர்கள் சிலர், இதழ்களுக்கு அனுப்பும் முன் தங்கள் கட்டுரைகளை என்னிடம் படிக்கக் கொடுக்கிறார்கள். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் சொந்தக் கருத்துகள். சில இடங்களில் பிடிவாதம் தெரியும்.

நான் தினமும் நடத்துவது கூட்டலும் கழித்தலும்தான். இதில் எழுத என்ன இருக்கிறது?

அதில்தான் இருக்கிறது. நூற்று மூன்று எழுதச் சொன்னால் 1003 என்று எழுதும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று விடை தரும் பிள்ளையும் இருக்கும். இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. ஆனால் இவை கவனக்குறைவால் வந்த தவறுகள் அல்ல. 1003 எழுதிய பிள்ளை, நூறு காதில் விழுந்ததும் 100 எழுதியது, மூன்று விழுந்ததும் 3 எழுதியது. 35 எழுதிய பிள்ளை, எந்த இடமானாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறது. அதை ஒன்றின் இடத்திலும் பத்தின் இடத்திலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது' என்று முந்தைய வகுப்பில் யாரோ சொன்னதிலிருந்து அந்த விதி முளைத்திருக்கலாம்.

ஒரு பிள்ளையின் ஒரு விடை, அந்த விடைக்குப் பின்னால் இருந்த யோசனை, அதைக் கண்டபின் நீங்கள் செய்தது. ஒரு கட்டுரைக்கு இது போதும். இதைவிடப் பெரிதாக எதையும் தேடிப் போக வேண்டாம் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

நம்ப முடியாதவர்களுக்கு ஓர் உதாரணம். 1990-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆறு என்பது ஒற்றை எண்ணாகவும் இரட்டை எண்ணாகவும் இருக்கலாம் என்றான். ஆறுக்குள் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றை எண் ஆயிற்றே என்பது அவன் வாதம். ஆசிரியர் டெபோரா பால் 'தவறு, உட்கார்' என்று முடித்துவிடவில்லை. மற்ற பிள்ளைகளை வாதாட விட்டார். 2, 6, 10, 14 என்று இந்தக் குணமுள்ள எண்கள் நான்கு நான்காகத் தள்ளி வருவது வகுப்பில் வெளிப்பட்டது. 1993-இல் அவர் அந்த நிகழ்வைக் கட்டுரையில் எழுதினார். ஆசிரியர் கல்வியில் அது இன்றும் பேசப்படுகிறது. எடுத்த பாடம் வெறும் ஒற்றை, இரட்டை.

கட்டுரையை எப்படித் தொடங்குவது?

'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்' என்று தொடங்காதீர்கள். எனக்கு வரும் கைப்பிரதிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன. மீதியில் பல, ராமானுஜன் பிறந்த மண் என்று தொடங்குகின்றன. ஔவை மீதும் ராமானுஜன் மீதும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இரண்டு பத்தி கழித்து வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான் உங்கள் கட்டுரை. அதை வாசலிலேயே நிற்க வையுங்கள்.

ஒரு வகுப்பை எப்படிக் கட்டுரையாக்குவது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு நான்காம் வகுப்பில் வகுத்தல் நடந்தது. பிள்ளைகளில் பலர் மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆசிரியை கேட்ட கேள்வி: 17 மீன் இருக்கிறது, கூறுக்கு ஐந்து வைத்தால் எத்தனை கூறு? ஒரு சிறுமி பட்டென்று சொன்னாள்: 'மூன்று கூறு டீச்சர், இரண்டு கொசுறு.'

ஆசிரியை முதலில் எழுதிய கட்டுரையில் இது கடைசிப் பக்கத்தில், 'மாணவர்கள் தம் வாழ்வியல் அனுபவங்களோடு இணைத்துக் கற்றனர்' என்ற ஒரே வாக்கியமாக அடங்கியிருந்தது. அதற்கு முன் இரண்டு பக்கம் வகுத்தலின் முக்கியத்துவம், கற்றல் விளைவுகள், துணைக்கருவிகளின் பட்டியல். படித்துக்கொண்டே வந்தவன் அந்த வாக்கியத்தில் நின்றேன். எந்த அனுபவம், என்ன சொன்னார்கள் என்று கேட்டபோதுதான் கொசுறு வெளியே வந்தது.

பிறகு அதையே முதல் வரியாக வைத்தோம். ஆனால் ஒரு சுவையான பதிலோடு கட்டுரை முடிந்துவிடாது. அந்தப் பதிலில் என்ன கணக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மீதியைத் தூக்கி வாங்குபவர் பையில் போட்டுவிடலாம் என்பது மீன் சந்தையில் சரி. அடுத்த நாள் ஆசிரியை அதே எண்களை வேறு இடத்தில் வைத்துக் கேட்டார்: பிச்சாவரத்துக்கு 17 பேர் சுற்றுலா போகிறோம், ஒரு படகில் ஐந்து பேர்தான் ஏறலாம், எத்தனை படகு வேண்டும்? வகுப்பில் பெரும்பாலோர் மூன்று என்றார்கள். அதே சிறுமியும் மூன்று என்றாள். 'அப்படியானால் இரண்டு பேரைக் கொசுறாகக் கரையில் விட்டுவிடலாமா?' என்று ஒரு பையன் கேட்டான். சிரிப்பு அடங்கியபின் நான்கு படகு என்றார்கள். 17 ரூபாயை ஐந்து பேர் பங்கிட்டால்? இப்போது மீதி இரண்டு ரூபாயையும் பைசாவாக்கிப் பங்கிடலாம். ஆளுக்கு 3 ரூபாய் 40 பைசா. ஒரே வகுத்தல்தான். மீதியை ஓரிடத்தில் சும்மா கொடுத்துவிடுகிறோம், ஓரிடத்தில் அதற்காக இன்னொரு படகு எடுக்கிறோம், ஓரிடத்தில் அதையும் உடைத்துப் பங்கிடுகிறோம். பாடநூலில் 'ஈவு 3, மீதி 2' என்று எழுதி முடித்த பிள்ளைக்கு இந்த மூன்றும் வேறு வேறு என்று தெரிய வாய்ப்பே இல்லை.

இப்போது கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. துணைக்கருவிப் பட்டியல் போயிற்று. கற்றல் விளைவுகள் போயின. எழுதியவருக்கு முதலில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

எல்லாம் நடந்து முடிந்தபின் நினைவு வருவதில்லை. பிள்ளைகள் சொன்னதை எப்படிப் பதிவு செய்வது?

அன்றைக்கே எழுதிவிடுங்கள். மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளை சொன்னதை அப்படியே, அதன் பேச்சிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். நோட்டில் போட்ட கணக்கைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள், பெயர் தெரியாதபடி. அழித்து எழுதியிருந்தால் அழித்ததையும் சேர்த்து எடுங்கள். பல நேரங்களில் அழித்ததில்தான் யோசனை தெரியும்.

நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதிவையுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் பதில் நினைவில் இருக்கும், கேள்வி இருக்காது. 'எத்தனை கூறு?' என்று கேட்பதற்கும் '17-ஐ 5-ஆல் வகு' என்பதற்கும் வரும் பதில்கள் வேறு.

இதைப் பற்றி ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால்?

எழுதியிருப்பார்கள். தொடக்கக் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சமக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 + 4 = □ + 5 என்று பலகையில் எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று வரும். சில பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். 7 என்று சொல்லும் பிள்ளை அபூர்வம். சமக்குறி என்றால் 'விடையை எழுது' என்று அவர்கள் படித்துவைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் சமம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இதே கேள்வியை வைத்து 1999-இல் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிக் கணித இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் வகுப்பறை ஆசிரியை.

அதனால் நீங்கள் எழுதக் கூடாது என்றில்லை. முன்பு எழுதியவர் சொன்னதை ஓரிரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் வகுப்பில் எது ஒத்துப்போயிற்று, எது மாறிற்று என்று எழுதுங்கள். மறைத்துவிட்டுப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதினால்தான் தவறு.

நம் வட்டாரத்துக்கே உரிய பொருள் ஏதாவது உண்டா?

ஒன்று கண்ணெதிரே இருக்கிறது, யாரும் எழுதவில்லையே என்று எனக்கு ஆதங்கம். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடைக்குத் தெற்கே தமிழ்நாட்டுப் பாடநூல். முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகள். எல்லையைத் தாண்டினால் வேறு புத்தகம். நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஒரே பஸ்ஸில் வரும் இரண்டு ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் பின்னத்தை இரண்டு விதமாகத் தொடங்குகிறார்கள். வீடு மாறி வரும் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லாமல், ஒரே கருத்தை இரு புத்தகங்களும் எப்படி அறிமுகம் செய்கின்றன, பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்று எல்லையின் இரு பக்கத்து ஆசிரியர்களும் சேர்ந்து எழுதினால் நான் வரிசையில் நின்று வாங்கிப் படிப்பேன்.

பண்ருட்டியில் பலா எடை போடுவது, பூக்காரரின் முழம், பொங்கலுக்குக் கரும்புக் கட்டு ஆகியவற்றையும் எழுதலாம். ஆனால் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டதால் மட்டும் அது ஊர்க் கணக்கு ஆகிவிடாது. 'ராமு பண்ருட்டியில் 3 பலாப்பழம் வாங்கினான்' என்பது பழைய கணக்குதான்; ஆப்பிளை எடுத்துவிட்டுப் பலாவை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. பூக்காரரின் முழமும் வாங்குபவரின் முழமும் ஏன் ஒன்றாக இல்லை என்று மூன்றாம் வகுப்பு சண்டை போட்டால் அங்கே திட்ட அளவின் தேவை பிறக்கிறது. அதை எழுதுங்கள்.

பழந்தமிழ்க் கணக்கு முறைகளைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், வகுப்பறை உள்ளே வந்தால். முந்திரி 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று என்று பட்டியல் போட்டு, 'நம் முன்னோர் எத்தனை நுட்பமானவர்கள்' என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆழமான ஆய்வு நடந்திருக்கிறது. அந்தப் பள்ளிகளின் வாய்பாட்டு நூலான எண்சுவடியை ஆராய்வதை அவர்களிடம் விடலாம். ஆசிரியர் செய்யக்கூடியது வேறு. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. மாகாணி என்பது 16-இல் ஒரு பங்கு. அப்படியானால் 1/20 + 1/80 = 1/16 சரிதானா என்று ஐந்தாம் வகுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80 ஆகும் இடத்தில் சமான பின்னம் வந்து நிற்கிறது. பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

எந்த இதழ்களுக்கு அனுப்பலாம்?

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' 2012-இலிருந்து வருகிறது. பள்ளிக் கணிதத்துக்கென்றே நடப்பது. அதன் இணைப்பில் பத்மப்ரியா ஷிராலி தொடக்க வகுப்புத் தலைப்புகளை எடுத்து எழுதியவை வகுப்புக்கு நேராகப் பயன்படும். அனுப்பும் முன் நான்கைந்தைப் படித்துவிடுங்கள். ஹைதராபாத்திலிருந்து வரும் 'டீச்சர் ப்ளஸ்' எல்லாப் பாட ஆசிரியர்களுக்குமானது. என்.சி.இ.ஆர்.டி.யின் 'தி பிரைமரி டீச்சர்' இருக்கிறது. சென்னையில் 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கமும் இதழ் நடத்துகிறது. அங்கே கணிதத்தின் கனம் சற்றுக் கூடுதல்.

தமிழில் 'துளிர்' 1987-இலிருந்து வருகிறது. தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்களின் வெளியீடு. ஆனால் அது பிள்ளைகள் படிக்கும் இதழ். ஆசிரியருக்காக எழுதியதை அப்படியே அங்கே அனுப்பினால் திரும்பி வரும். கொசுறுக் கதையைத் துளிருக்கு எழுதுவதானால், மீதியை என்ன செய்வது என்று படிக்கும் பிள்ளையையே கேட்டு, விடை சொல்லாமல் விட வேண்டும்.

எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது.

தமிழில் முழுதாக எழுதி முடியுங்கள். பிறகு ஆங்கிலம் தெரிந்த சக ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து மாற்றுங்கள். அவர் பெயரையும் போடுங்கள். கட்டுரை நன்றாக இருந்தால் மொழியைச் சரிசெய்ய ஆசிரியர் குழுவினர் உதவுவார்கள். ஒன்றுமே இல்லாத கட்டுரையை நல்ல ஆங்கிலம் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

சாட்ஜிபிடி போன்ற கருவியை எழுதச் சொல்லலாமா?

அந்தக் கருவி உங்கள் நான்காம் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. கேட்டால் 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதித் தரும். எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். இதழின் விதிமுறை என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் பணி. எழுத அனுமதி வாங்க வேண்டுமா?

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் பொருந்தும். அதன் 8-ஆம் விதிப்படி, கருத்துகள் எழுதியவருடையவை, அரசினுடையவை அல்ல என்று தெளிவாக்க வேண்டும். 9-ஆம் விதி அரசின் கொள்கையை விமர்சிப்பதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் வழியாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எழுதினால் பின்னால் தலைவலி இல்லை. உதவிபெறும் பள்ளியானால் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

திட்டங்களைப் பற்றி எழுதவே கூடாதா என்று அடுத்த கேள்வி வரும். 'இந்தத் திட்டம் தோல்வி' என்பது ஒரு வகை எழுத்து. 'இந்தச் செயல்பாட்டைச் செய்தபோது என் வகுப்பில் இவ்வாறு நடந்தது, பிறகு இப்படி மாற்றிச் செய்தேன்' என்பது வேறு வகை. படிக்கிறவருக்கு இரண்டாவதால்தான் பயன்.

பிள்ளைகளின் பெயர், படம்?

பெயரை மாற்றுங்கள், மாற்றியிருப்பதைச் சொல்லுங்கள். முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஊரையும் பள்ளியையும் வகுப்பையும் சேர்த்துச் சொன்னால் பெயர் மாற்றியும் பயனில்லை; சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தப்பு விடை எழுதிய பிள்ளை என்று அதைத் தெருவில் யாரும் கூப்பிடக் கூடாது.

செயல் ஆராய்ச்சி அறிக்கை ஒன்று தயாராக இருக்கிறது. அதையே அனுப்பலாமா?

வடலூரிலோ லாஸ்பேட்டையிலோ உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குச் செய்ததா? அப்படியே அனுப்ப வேண்டாம். முன் தேர்வு, பின் தேர்வு, சராசரி உயர்ந்தது, ஆகவே கருதுகோள் ஏற்கப்பட்டது என்று அது போகும். நீங்கள் ஒரு மாதம் கூடுதலாகக் கவனம் செலுத்தினால் எந்த முறையிலும் சராசரி உயரத்தான் செய்யும். அந்த அறிக்கையின் பின்னிணைப்பில் பிள்ளைகளின் விடைத்தாள்கள் இருக்கும் அல்லவா, அவற்றை எடுங்கள். பின் தேர்விலும் தப்பாகப் போட்ட மூன்று பேரைப் பாருங்கள்.

கணக்கில் பிழை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கொஞ்சம் பயம் நல்லது. சதுரம் செவ்வகம் ஆகாது, பெருக்கினால் எண் எப்போதும் பெரிதாகும், பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும்: இம்மூன்றும் எனக்கு வந்த கைப்பிரதிகளில் பார்த்தவை. சதுரமும் ஒரு செவ்வகமே. பாதியால் பெருக்கினால் எண் சிறுக்கும். 2.5-இன் கடைசியில் பூஜ்யம் சேர்த்தால் 2.50 தான் வரும். உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

'சர்வதேச இதழ்' ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மூவாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிட்டு, சான்றிதழும் தருவார்களாம்.

கட்டாதீர்கள். ஒரு வாரத்தில் யாரும் படித்திருக்க மாட்டார்கள், வெளிவந்த பிறகும் படிக்க மாட்டார்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பீர்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், தரச் சான்று அல்ல.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது.

காரணம் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். திருத்தம் கேட்டிருந்தால் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். இதைப் புரிந்துகொள்ளாமல் கோபித்துக்கொண்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. பதிலே இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல், பிறகு வேறு இதழ். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம்.

பள்ளி ஆசிரியர் எழுதுவதை யார் மதிக்கப்போகிறார்கள்?

பி. கே. ஸ்ரீனிவாசன் (1924–2005) சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். புதுச்சேரிக்காரர்கள் குழம்ப வேண்டாம், இது சென்னையில் உள்ள முத்தியால்பேட்டை. ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி அவர் தொகுத்த இரண்டு நினைவு மலர்களை 1968-இல் அந்தப் பள்ளிதான் வெளியிட்டது. ராமானுஜனைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் அவற்றை நாடுகிறார்கள். பல்கலைக்கழகம் செய்யவில்லை, ஒரு பள்ளிக்கூடம் செய்தது. பிள்ளைகளுக்கான கணக்குச் செயல்பாடுகளையும் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நீளம் எழுத வேண்டும்? சன்மானம் உண்டா?

இதழின் குறிப்பில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. போடவில்லையென்றால் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு சொற்கள். சன்மானம் இதழுக்கு இதழ் மாறும். பல இடங்களில் ஒரு பிரதி மட்டும் வரும். இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், தலைமையாசிரியர் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்.